நன்றிச் சீட்டும் நாப்பது டம்ளரும்: 2023 வெள்ளத்தப்ப ஒரு அன்பியத்தோட கிறிஸ்மஸ்

இது தூத்துக்குடியில எங்க அன்பியத்துல 2023 டிசம்பர்ல நடந்தது. நான் அப்ப அங்க பொறுப்பாளர், ஸ்கூல் டீச்சர், கவுன்சலிங்ல ஒரு டிப்ளமோ முடிச்சிருக்கேன், அவ்வளவுதான், நிபுணர் எல்லாம் இல்ல. மத்த பங்குகள்ல உள்ள சிலர் "நீங்க என்னதான் பண்ணீங்க, நாங்களும் செய்யலாமா"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, வாயால சொன்னா நல்லது மட்டும்தான் சொல்லத் தோணுது, அதனால உக்காந்து முழுசா எழுதிட்டேன். ஆளுங்க யாருனு தெரிஞ்சிரக் கூடாதுனு பேரு, தெரு எதுவும் போடல, ரெண்டு மூணு விவரத்த மாத்தியும் இருக்கேன்.

கத்தோலிக்கர் இல்லாதவங்களுக்கு ஒரு வரி: அன்பியம்னா ஒரே கோயிலுக்கு (சர்ச்சுக்கு) போற ஒரு பங்குக்குள்ள பக்கத்து பக்கத்துல இருக்க முப்பது வீடு வாக்குல சேந்து மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ யாராவது ஒரு வீட்டுல கூடி ஜெபம் பண்றது, பைபிள் வாசிக்கிறது, நல்லது கெட்டதுக்கு போய் நிக்கிறது.

பின்னணி

எங்க அன்பியத்துல 32 வீடு. ஹார்பர் கான்ட்ராக்ட் வேலை, போட்டுக்கு போறவங்க, உப்பளத்து வேலை, சின்னக் கடை, ரிட்டயர் ஆன வாத்தியாருங்க கொஞ்சம் பேருனு எல்லாம் கலந்து இருக்கும். இடம் தாழ்வு, சாதாரண மழைக்கே தெருவுல தண்ணி கெடக்கும்.

கொரோனாவுக்கு அப்புறம் கூட்டத்துக்கு ஆள் வரத்து கொறஞ்சு பத்துப் பேரு வந்தாலே பெருசுனு ஆயிருச்சு. 2022 கிறிஸ்மஸ்ல தெருக் குடில் வைக்க வசூல் பண்ணதுல கணக்கு தகராறு வந்து ரெண்டு குடும்பம் ஒரு வருசமா முகம் குடுத்து பேசல. வயசானவங்க அஞ்சாறு பேரு தனியா இருக்காங்க, பிள்ளைங்க எல்லாம் துபாய், சென்னைனு. அக்டோபர் கூட்டத்துல ஒரு ஆச்சி சாதாரணமா சொன்னாங்க, "எல்லாரு வீட்டுலயும் ஸ்டார் எரியும், எனக்கு கிறிஸ்மஸ் வருதுனாலே பயமா இருக்கு, என்னைக்குடா 26ந்தேதி வரும்னு இருக்கும்"னு. யாரும் ஒண்ணும் பேசல. எனக்கு அன்னைக்கு தூக்கம் வரல.

சாமிகிட்ட (எங்க பங்குத்தந்தைய நாங்க அப்பிடித்தான் கூப்பிடுவோம்) பேசுனேன். திருவருகைக் காலத்து (கிறிஸ்மஸுக்கு முந்தின வாரங்கள்) நாலு ஞாயிறும் சாயங்காலம் கூடி நன்றி சொல்லிப் பழகுவோம்னு முடிவாச்சு. டிப்ளமோ படிக்கையில ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோனு ரெண்டு உளவியலாளருங்க 2003ல வெளியிட்ட ஆராய்ச்சியப் பத்தி படிச்சிருந்தேன். வாரத்துக்கு ஒரு தடவ, நன்றியா நினைக்கிற விஷயம் அஞ்சு வரைக்கும் எழுதுனவங்க, எரிச்சலான விஷயங்கள எழுதுனவங்கள விட தங்க வாழ்க்கையப் பத்தி நல்லா உணர்ந்தாங்கனு அதுல வரும். அதுல எல்லாரும் தனித்தனியா பேப்பர்ல எழுதுனாங்க, நாங்க செய்யப்போறது நாலு பேரு முன்னாடி வாயால சொல்றது. அது ரெண்டும் வேற வேறனு அப்ப எனக்கு உறைக்கல.

முதல் ரெண்டு ஞாயிறு (டிசம்பர் 3, 10)

முறை இதுதான்: ஒரு வீட்டுல கூடுறது, மெழுகுதிரி வளையத்துல அந்த வாரத் திரிய ஏத்துறது, வட்டமா உக்காந்து ஒவ்வொருத்தரும் கடவுளுக்கு மூணு நன்றி சொல்றது, அப்புறம் காப்பி. முதல் வாரம் 19 பேர் வந்தாங்க, எனக்கு சந்தோசம் தாங்கல.

ஆனா நடந்தத பாத்தா, முக்காவாசி பேரு "நல்ல சுகத்துக்காக, பிள்ளைகளுக்காக, இந்த நாளுக்காக நன்றி ஆண்டவரே"னு மன்றாட்டு சொல்ற ராகத்துலயே சொல்லி முடிச்சாங்க. மாடி வீடு கட்டுன அண்ணாச்சி ஒருத்தர் மட்டும் விரிவா சொன்னாரு, மேல் மாடி முடிஞ்சது, பையனுக்கு வெளிநாட்டுல வேலை கெடச்சது, டைல்ஸ் எங்க எடுத்தது வரைக்கும். அவர் பக்கத்துல உக்காந்திருந்தவரு உப்பளத் தொழிலாளி. மழைக்காலத்துல உப்பளத்துல வேலை கெடையாது, அந்த மூணு மாசம் கடன்லதான் ஓடும். அவர் முறை வந்தப்ப "எல்லாத்துக்கும் நன்றி"னு ரெண்டே வார்த்தை.

இன்னொரு அம்மாவுக்கு ஒரே பையன் ரெண்டு வருசம் முன்னாடி தவறிட்டான். வட்டம் அவங்கள நெருங்க நெருங்க எழுந்து அடுக்களைக்கு போயிட்டாங்க. பின்னாலயே போய் பாத்தேன், காப்பிக்குனு எடுத்து வச்சிருந்த எவர்சில்வர் டம்ளர ஒவ்வொண்ணா கழுவிட்டு இருந்தாங்க. எல்லாம் ஏற்கனவே கழுவி கவுத்து வச்சிருந்த டம்ளர்.

ரெண்டாவது வாரம் 13 பேர். அந்த அம்மா வரல. செவ்வாக்கிழமை வீட்டுக்கு போனேன், வாசல்ல நிக்க வச்சே சொன்னாங்க, "கோவிச்சுக்காதீங்க டீச்சர், எல்லாரும் வரிசையா சொல்லிட்டு வரும்போது எனக்கு வயித்துல புளியக் கரைக்குது. கடவுள் எனக்கு இன்னது தந்தாருனு நான் எதச் சொல்ல? சொல்லாட்டா விசுவாசம் இல்லாதவளா?"

இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. பத்து தொழுநோயாளி கதையத்தான் அந்த வாரம் வாசிச்சிருந்தோம், சுகமாகி ஒருத்தன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்ன கதை. கூட்டத்துல ஆச்சி அதுக்கு ஒரு பாயிண்ட் போட்டாங்க, "மத்த ஒம்போது பேரும் பெண்டாட்டி பிள்ளையப் பாக்க ஓடியிருப்பாங்க, எத்தன வருசமா பிரிஞ்சு கெடந்தாங்களோ, அவங்களத் திட்டாதீங்க"னு. எல்லாரும் சிரிச்சோம். வீட்டுக்கு வந்து யோசிச்சா அதுதான் சரினு பட்டுச்சு.

மூணாவது வாரத்துல இருந்து கேள்விய மாத்துவோம்னு நாங்க பொறுப்பாளருங்க அஞ்சு பேரும் பேசி வச்சோம். கடவுள் என்ன தந்தாருனு கேக்க வேண்டாம், "இந்த வாரம் உங்களுக்கு யாரு என்ன செஞ்சாங்க"னு கேப்போம், அதையும் சொல்ல வேண்டாம், சீட்டுல எழுதி ஒரு பழைய பிஸ்கட் டின்னுல போட்டா போதும், எழுதாம உக்காந்திருந்தாலும் சரி.

டிசம்பர் 17

மூணாவது ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, வளையத்துல ரோஸ் கலர் திரி ஏத்துற நாள். ஏத்தல. அன்னைக்கு பேஞ்ச மழைய பத்தி தமிழ்நாட்டுக்கே தெரியும். காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர், எங்க மாவட்டத்துல வருசம் பூரா பெய்யுற மழையே அதுக்கு கம்மி. கோரம்பள்ளம் குளம் உடைஞ்சு டவுனுக்குள்ள தண்ணி வந்துச்சு. எங்க தெருவுல ராத்திரி முட்டளவு, விடியக்குள்ள இடுப்பளவு. கரண்ட் இல்ல, போன் இல்ல, ரோடும் ரயிலும் இல்லாததால கிறிஸ்மஸுக்கு வரவேண்டிய பிள்ளைகளும் வரமுடியல.

மாடி வீட்டு அண்ணாச்சி கேட்டத் திறந்து விட்டாரு. நாப்பது பேருக்கு மேல ரெண்டு ராத்திரி அந்த டைல்ஸ் தரையிலதான் படுத்தோம். (அந்த டைல்ஸ் எங்க எடுத்ததுனு எல்லாருக்கும் தெரியும்.) மூணாவது வீட்டு ஆச்சிய வெளிய கொண்டு வந்தது வள்ளத்துக்காரப் பையங்க, எங்க பங்கு கெடையாது, கடற்கரையில இருந்து ஃபைபர் வள்ளத்த லாரியில ஏத்திக் கொண்டு வந்து தெருத்தெருவா தள்ளிட்டு போனவங்க.

தண்ணி வடிஞ்சப்ப பாத்தா வீட்டுக்கு வீடு சகதி, சாக்கடை நாத்தம், ஊறிப்போன அரிசி, மல்லாந்து கெடக்க ஃப்ரிட்ஜ். ஒரு வீட்டுல பிள்ளைகளுக்கு எடுத்த புதுத்துணி கவரோட சேத்துல கெடந்துச்சு, கவரப் பிரிக்காமலே தூக்கிப் போட்டாங்க.

நிறுத்தலாமா தொடரலாமா

21ந்தேதி அஞ்சு பேரும் கோயில் படியில உக்காந்து பேசுனோம். ரெண்டு பேரு நிறுத்திருவோம்னாங்க. ஒருத்தர் நேராவே சொன்னாரு, "வீடு சகதியா கெடக்கு, இப்ப போய் நன்றி சொல்லுங்கனு டின்னத் தூக்கிட்டு வந்தா அந்த டின்னாலயே அடிப்பாங்க." எனக்கும் அப்பிடித்தான் பட்டுச்சு. ஒக்கி புயல் வந்த 2017லயும் இந்தக் கரையில கிறிஸ்மஸ் கிறிஸ்மஸா இல்ல, கடலுக்கு போனவங்க வராம குமரி பக்கம் ஊர் ஊரா அழுதுட்டு இருந்தாங்க, அந்த நேரத்துல ஆறுதல் சொல்றேன்னு போனவங்க பேசுன சில வார்த்தைகள இன்னைக்கு வரைக்கும் சனங்க மறக்கல.

எங்கள மாத்துனது உப்பளத்து அண்ணன்தான். படியில எங்களப் பாத்துட்டு வந்தவரு கேட்டாரு, "டீச்சர், எங்கம்மாவ வள்ளத்துல ஏத்துன பையன் பேரு என்ன தெரியுமா? அவசரத்துல ஒரு வார்த்த சொல்லல, மூணு நாளா மனசு கெடந்து அடிச்சிக்குது." முதல் வாரம் ரெண்டு வார்த்தைக்கு மேல வாயத் திறக்காத மனுசன்.

சரி, செய்வோம், ஆனா முன்ன மாதிரி இல்லனு முடிவு பண்ணோம். முதல்ல சகதி, அப்புறம்தான் சீட்டு. 22, 23 ரெண்டு நாளும் பத்துப் பதினஞ்சு பேரா சேந்து வீடு வீடா மண்வெட்டி, வெளக்குமாறு, ப்ளீச்சிங் பவுடரோட போனோம். வட்டமா உக்காருறது கெடையாது, ஏன்னா வட்டத்துல முறை வரும், முறை வந்தா தப்பிக்க வழியில்ல. சீட்டு ஒரு ஆளுக்கு எழுதணும், அந்த ஆள் கோயிலுக்கு வரவங்களா இருக்கணும்னு இல்ல. கோவம் இருந்தா அதையும் எழுதலாம். கடைசியா, "உயிராவது மிஞ்சுச்சே", "கடவுள் சித்தம்" இந்த ரெண்டையும் பொறுப்பாளருங்க யாரும் வாயில எடுக்கக்கூடாதுனு எங்களுக்குள்ள சத்தியம் மாதிரி. பொருள் போனவங்க தானா சொன்னா அது வேற, நாம சொன்னா அது வாய அடைக்கிறது. ரெண்டு நாளும் நாக்கு நுனி வரைக்கும் வந்து முழுங்குனேன், அது எவ்வளவு பழகிப்போன பேச்சுனு அப்பதான் தெரிஞ்சது.

டிசம்பர் 24 சாயங்காலம்

நாலாவது ஞாயிறும் கிறிஸ்மஸ் ராத்திரியும் அந்த வருசம் ஒரே நாள். அஞ்சு மணிக்கு அண்ணாச்சி வீட்டு மொட்டை மாடியில கூடுனோம், ராத்திரி பூசைக்கு முன்னாடி எல்லாரும் கொஞ்சம் படுத்து எந்திரிக்கணும்ல. 50 பேருக்கு மேல இருந்தாங்க, அதுல கோயிலுக்கு வராத வீட்டுக்காரங்க எட்டு பத்து பேரு. மெழுகுதிரி டப்பாவுக்குள்ள தண்ணி போயிருந்தது, ரோஸ் திரியோட நூல் ஊறி சடசடனு பொரிஞ்சு அணைஞ்சுக்கிட்டே இருக்கு, ஒரு பையன் பல்லால நுனியக் கடிச்சுத் துப்பிட்டு ஏத்துனான், பத்திக்கிச்சு. போன வாரத்துதையும் இந்த வாரத்துதையும் ஒண்ணா ஏத்தியாச்சு.

ஒம்போதாம் கிளாஸ் படிக்கிற பிள்ளை டின்னுல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து வாசிச்சா. எழுதுனவங்க பேரு கெடையாது. எனக்கு மறக்காதது சிலது:

"கேஸ் சிலிண்டர தலையில வச்சு தண்ணிக்குள்ள நடந்து வந்தவருக்கு."

"என் கால் வீக்கத்துக்கு இடம் விட்டுட்டு ராத்திரி பூரா சொவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குன பிள்ளைக்கு."

"எங்க நாயையும் வள்ளத்துல ஏத்துன தம்பிக்கு. மத்தவங்க வேண்டாம்னாங்க."

"என் இன்சுலின மண்சட்டித் தண்ணிக்குள்ள வச்சு ரெண்டு நாள் காப்பாத்துன மயினிக்கு."

"ராத்திரி பத்து மணிக்கு பள்ளிவாசல்ல இருந்து சோறு கொண்டு வந்த பாய்க்கு, பேர் தெரியல."

ரெண்டு வாரம் முன்னாடி மன்றாட்டு ராகத்துல பேசுன அதே சனம்தான். "நல்ல சுகத்துக்காக"னு ஒரு சீட்டு கூட இல்ல. யாராவது கேட்டுட்டு "ஏல, அது நான்தான்"னு சிரிக்கிறதும், பக்கத்துல இருக்கவங்க முதுகுல தட்டுறதுமா போயிட்டு இருந்துச்சு.

அப்புறம் ஒரு சீட்டப் பிரிச்சுட்டு பிள்ளை நின்னுட்டா. என்னப் பாத்தா. வாசினு தலையாட்டுனேன், உள்ளுக்குள்ள பயந்தான். "எங்க சந்துக்கு இன்னைக்கு வரைக்கும் யாரும் வரல. யாருக்கும் நன்றி சொல்ல எனக்கு மனசில்ல."

சத்தமே இல்ல. எழுதுனது யாருனு யாரும் கேக்கல, ஆனா சந்து எதுனு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பின்பக்கம் ரெண்டே வீடு உள்ள முடுக்கு, அதுல ஒண்ணு போன வருசம் கணக்கு தகராறுல பேச்ச நிறுத்துன குடும்பம். ரெண்டு நாளா வெளக்குமாறோட சுத்துனோமே, "அவங்க கூப்பிடல, நாம எப்பிடி போறது"னு ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள நினைச்சிருக்கோம், நானுந்தான். அந்தத் தகராறோட இன்னொரு பக்கத்துக் குடும்பத்துப் பெரியவரு முதல்ல எந்திரிச்சு வேட்டிய மடிச்சுக் கட்டுனாரு. ஒண்ணும் பேசல. பதினோரு பேரு போனாங்க, பூசை மணி அடிக்கிற வரைக்கும் டார்ச் வெளிச்சத்துல சகதி அள்ளுனாங்க. மிச்ச சீட்டு டின்னுலயே கெடந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்தது

வள்ளத்துக்காரப் பையங்களுக்கு வந்த ஏழு சீட்டையும் 28ந்தேதி நானும் உப்பளத்து அண்ணனும் கொண்டு போய் குடுத்தோம். வெக்கப்பட்டாங்க, ஒருத்தன் சீட்ட மடிச்சு போன் கவருக்குள்ள வச்சான். அதுல மூத்தவன் மட்டும் சிரிச்சுக்கிட்டே வள்ளத்தத் திருப்பிக் காட்டுனான், காம்பவுண்டு சுவருல உரசி அடியில ஃபைபர் முழநீளத்துக்கு பிஞ்சிருந்தது. "ரெண்டு வாரமா கடலுக்கு போகல டீச்சர்." வெறும் பேப்பரோட போய் நின்னதுக்கு மூஞ்சிய எங்க வைக்கனு இருந்துச்சு. அரசாங்கம் அறிவிச்ச 6000 ரூபா நிவாரணம் எப்ப வரும்னு எங்க ஆளுங்களே பாத்துட்டு இருந்த நேரம், இருந்தாலும் வசூல் பண்ணி ரிப்பேருக்கு பாதி குடுத்தோம். வசூல் கணக்க இந்தத் தடவ வாசல்ல ஒட்டுனோம்.

ரெண்டு குடும்பமும் சமாதானமாச்சானு கேட்டா, வணக்கம் சொல்லிக்கிறாங்க. குடில் கணக்கு இன்னும் தீரல.

வருத்தப்பட்டவங்களும் உண்டு. ஒரு பெரியவரு வெள்ளத்தப்ப கைக்காசு போட்டு பால் பாக்கெட்டு வாங்கிக் குடுத்திருந்தாரு, சீட்டுல அவரப் பத்தி ஒண்ணும் வரல, ஈஸ்டர் வரைக்கும் கூட்டத்துக்கு வரல. பொதுவுல நன்றி வாசிச்சா நன்றி வராதவங்களும் அங்கதான் உக்காந்து கேட்டுட்டு இருப்பாங்க.

ஜனவரி கூட்டத்துக்கு 24 பேர் வந்தாங்க, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல 15. இதுல எவ்வளவு சீட்டால, எவ்வளவு வெள்ளத்தாலனு என்னால பிரிச்சு சொல்ல முடியாது, ஆபத்துல சேந்து கெடந்தவங்க கொஞ்ச நாள் சேந்துதான் இருப்பாங்க. மார்ட்டின் செலிக்மன்னு ஒரு உளவியலாளரோட குழு 2005ல வெளியிட்ட ஆய்வுலயும், நன்றிக் கடிதம் எழுதி நேர்ல குடுத்தவங்களுக்கு கெடச்ச சந்தோசம் ஒரு மாசம் நல்லா இருந்து அப்புறம் கொறஞ்சுதான் போச்சு.

பையன இழந்த அம்மா பிப்ரவரியில இருந்து வர ஆரம்பிச்சாங்க. "நான் எழுத மாட்டேன் டீச்சர், கேக்கதுக்கு வாறேன்"னு சொல்லிட்டுத்தான் உக்காந்தாங்க. இன்னும் எழுதல, நாங்களும் கேக்கல.

இன்னொரு தடவ செஞ்சா

முதல் ரெண்டு வாரம் செஞ்ச மாதிரி செய்யவே மாட்டேன். சீட்ட பொதுவுல வாசிக்கிறதையும் 2024ல விட்டுட்டோம், எழுதுனவங்க விருப்பப்பட்டா நாங்களே வீட்டுல கொண்டு குடுக்கோம். கலகலப்பு கொறஞ்சுதான் போச்சு, மாடியில கேட்ட அந்த சிரிப்பு இப்ப இல்ல, ஆனா யாரும் வராம நிக்கல. வெளி ஆளுக்கு நன்றி கொண்டு போறதுக்கு முன்னாடி அவங்களுக்கு என்ன நட்டம்னு முதல்ல விசாரிக்கோம். சுத்தம் பண்ணப் போகும்போது வீட்டு லிஸ்ட்ட கையில வச்சு டிக் அடிக்கோம், யாரு கூப்பிட்டா கூப்பிடலனு பாக்குறது இல்ல.

இன்னொண்ணு, இது நான் பிந்திதான் கவனிச்சேன். ஜனவரியில டின்ன சுத்தம் பண்ணும்போது எல்லா சீட்டையும் வரிசையா அடுக்கிப் பாத்தேன். கேட்டத் திறந்த அண்ணாச்சிக்கு ஒம்போது சீட்டு. அந்த ரெண்டு நாளும் நாப்பது பேருக்கு கஞ்சி காய்ச்சி, காப்பி போட்டு, ஒரே கக்கூஸ மணிக்கு ஒரு தடவ கழுவுன அவரு சம்சாரத்துக்கு ஒண்ணு கூட இல்ல. நான் எழுதுன சீட்டும் அண்ணாச்சிக்குத்தான்.

அன்னைக்கே ஒரு சீட்டு எழுதி எடுத்துட்டு போனேன். அடுக்களையில நின்னு ரெண்டு தடவ வாசிச்சாங்க, முந்தானையில கையத் தொடச்சுட்டு மடிச்சு அஞ்சறைப் பெட்டிக்கு அடியில வச்சாங்க. அப்புறம் அலமாரியத் திறந்து காட்டுனாங்க. "நாப்பது எவர்சில்வர் டம்ளர் டீச்சர், எங்கம்மா சீர் குடுத்தது. பதினேழுதான் இருக்கு. மிச்சத்த யாரு யாரு கொண்டு போனாங்கனு அடுத்த அன்பியத்துல கொஞ்சம் கேளுங்க."

கேட்டேன். இருபத்தொண்ணு வந்துருச்சு, ரெண்டு இன்னும் வரணும்.